“இல்லை” என்ற பின்னும் நீங்காத அச்சம்

(எச்.ஐ.வி. ஆலோசகர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றில், சமூகப் பணி மாணவர்களும் சுகாதார அலுவலர்களும் கேட்க நிகழ்த்தப்பட்ட உரை)

இரத்தப் பரிசோதனையின் முடிவு “தொற்று இல்லை” என்று வந்துவிட்டால், பதிவேட்டைப் பொறுத்த வரையில் அந்தப் பணி முடிந்துவிடுகிறது. ஆலோசகரின் கவனம் அடுத்தவரிடம் செல்கிறது. தொற்று உள்ளவருக்குச் சிகிச்சை, பதிவு, குடும்ப ஆலோசனை எனச் செய்ய வேண்டியவை பல உள்ளன. தொற்று இல்லாதவருக்கு என்ன உண்டு? மகிழ்ச்சியோடு வீடு திரும்ப வேண்டியதுதானே என்று எவரும் நினைப்பது இயல்பே.

ஆனால் பரிசோதனைக்கு வருவோரில் ஒரு சாராருக்குத் துன்பம் அந்த இடத்தில் முடிவதில்லை. முடிவுத் தாளைப் பலமுறை படித்துப் பார்த்தும் அவர்கள் நம்புவதில்லை. ஒரு வாரம் கழித்து வேறோர் ஆய்வுக்கூடத்திற்குச் செல்கின்றனர். நாக்கையும் கழுத்தையும் தினந்தோறும் சோதித்துக்கொள்கின்றனர். உறக்கம், உணவு, அலுவல், மணவாழ்க்கை அனைத்தும் பாதிக்கப்படுகின்றன. உடலில் கிருமி இல்லை. ஆயினும் நோயாளியின் வாழ்வையே அவர்கள் வாழ்கின்றனர். இந்த நிலை எவ்வாறு தோன்றுகிறது, இதிலிருந்து மீள்வது எப்படி, இதில் ஆலோசகருக்கும் அரசு அமைப்புகளுக்கும் உள்ள பொறுப்பு யாது என்பவற்றை ஆராய்வது இன்றியமையாததாகும்.

அச்சத்தின் வரலாறு

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986 ஆம் ஆண்டில் ஆகும். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனீதி சாலமன் வழிகாட்டலில், மாணவியாக இருந்த டாக்டர் செல்லப்பன் நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகளே அந்த உண்மையை வெளிப்படுத்தின. 1992 இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு உருவாக்கப்பட்டு, தேசியத் திட்டமும் தொடங்கப்பெற்றது. அக்காலத்தில் இந்நோய்க்குப் பயனுள்ள மருந்து நாட்டில் பரவலாகக் கிடைக்கவில்லை. ஆதலின் விளம்பரங்கள் பலவும் மரண பயத்தையே ஆயுதமாகக் கொண்டன. எய்ட்ஸ் என்றால் சாவு, எய்ட்ஸ் என்றால் ஒழுக்கக்கேடு என்ற இரு எண்ணங்கள் மக்கள் மனத்தில் ஆழப் பதிந்தன.

அதன் பின்னர் நிலைமை பெரிதும் மாறியுள்ளது. 2004 ஏப்ரல் முதல் நாள் தொடங்கி அரசு மையங்களில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாக வழங்கப்படுகிறது. 2017 முதல், தொற்று உறுதியான அனைவருக்கும் உடனே மருந்து தொடங்கலாம் என்பது நாட்டின் கொள்கையாயிற்று. மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்துவிட்டவர், உடலுறவின் வழியாகப் பிறருக்கு அதனைப் பரப்புவதில்லை என்பதும் இன்று நிலைநாட்டப்பட்ட உண்மை. 2021 ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, நாட்டில் வயது வந்தோரில் ஏறத்தாழ ஆயிரத்துக்கு இருவருக்குத் தொற்று இருந்தது. மருத்துவம் இவ்வளவு முன்னேறியும், முப்பது ஆண்டுகளுக்கு முன் விதைக்கப்பட்ட திகில் மட்டும் பலர் உள்ளத்தில் மாறாமல் நிற்கிறது. பரிசோதனைக்குப் பிந்திய அச்சத்தின் வேர்களுள் இது ஒன்று.

மூவகைப் பட்டோர்

இந்த அச்சத்துடன் மையங்களுக்குத் திரும்பத் திரும்ப வருவோரை மூன்று வகையினராகப் பிரித்துக் காணலாம்.

மாவட்டத் தலைநகர் ஒன்றில் பணியாற்றும் இளநிலை எழுத்தர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். வெளியூர் சென்றபோது ஒருமுறை ஆணுறையின்றி உறவு கொள்கிறார். ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என மூன்று முறை பரிசோதிக்கிறார். மூன்றிலும் தொற்று இல்லை. எனினும் வீட்டில் பெண் பார்க்கும் பேச்சு எழும்போதெல்லாம் தட்டிக் கழிக்கிறார். ஒரு பெண்ணின் வாழ்வைக் கெடுத்துவிடுவோமோ என்று அஞ்சுகிறார். இவரிடம் அச்சத்தோடு குற்ற உணர்வும் கலந்திருக்கிறது.

இரண்டாம் வகையினர் தவறேதும் செய்யாதோர். நோயாளிக்குப் போட்ட ஊசி விரலில் குத்திவிட்ட செவிலியர் இதற்கு எடுத்துக்காட்டு. விதிப்படி மருந்து உட்கொண்டு, விதிப்படி பரிசோதனைகளை முடித்த பின்னும், தம் குழந்தையை முத்தமிடத் தயங்குகிறார்.

மூன்றாம் வகையினருக்கு ஆபத்துக்கான வாய்ப்பே நேர்ந்ததில்லை. கொசுக்கடி, பொதுக் கழிப்பிடம், உணவு விடுதித் தட்டு, பேருந்தில் உரசிய கை ஆகியவற்றை நினைத்து அஞ்சுகின்றனர். இவ்வழிகளில் எச்.ஐ.வி. பரவுவதில்லை. பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள இரத்தம், பகிர்ந்துகொள்ளும் ஊசி, தாயிடமிருந்து குழந்தை என்பவையே அது பரவும் வழிகள்.

இம்மூவருக்கும் பொதுவானது ஒன்றே. அவர்களுடைய பரிசோதனை முடிந்துவிட்டது, ஐயம் முடியவில்லை.

முடிவை எப்போது நம்பலாம்?

அச்சத்தைப் பற்றிப் பேசுமுன், ஐயத்தில் நியாயமான பகுதி எது, நியாயமற்ற பகுதி எது என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். கிருமி உடலில் புகுந்த மறுநாளே பரிசோதனை அதனைக் காட்டிவிடாது. உடல் எதிர்ப்பொருளை உண்டாக்குவதற்குச் சில வாரங்கள் ஆகும். ஆலோசகர்கள் ‘விண்டோ பீரியட்’ என்று குறிப்பிடும் இடைக்காலம் இதுவே. எதிர்ப்பொருளை மட்டும் கண்டறியும் பரிசோதனைகள் தொற்று நேர்ந்து 23 முதல் 90 நாட்களுக்குள் அதனைக் காட்டும். கிருமியின் புரதத்தையும் எதிர்ப்பொருளையும் சேர்த்துக் கண்டறியும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை, நரம்பிலிருந்து எடுத்த இரத்தத்தில் ஆய்வுக்கூடத்தில் செய்யப்படும்போது, 18 முதல் 45 நாட்களுக்குள் காட்டிவிடும்.

ஆகவே, ஆபத்து நேர்ந்த பத்தாம் நாளில் வந்த “இல்லை” என்ற முடிவை இறுதியானதாகக் கொள்ளாமல் ஐயுறுவது அறிவுடைமை. மூன்று மாதங்கள் கழிந்து, இடையில் புதிய ஆபத்து ஏதும் நேராதிருக்கும்போது வந்த “இல்லை” என்ற முடிவை ஐயுறுவதற்குக் காரணம் இல்லை. ஆபத்து நேர்ந்த 72 மணி நேரத்திற்குள் தொடங்கி 28 நாட்கள் உட்கொள்ளும் தடுப்பு மருந்தை எடுத்துக்கொண்டோர் மட்டும் மருத்துவர் குறித்துத் தரும் நாட்களைப் பின்பற்ற வேண்டும். ஆபத்துக்குத் தொடர்ந்து உட்படுவோர் காலமுறையில் பரிசோதித்துக்கொள்வதும் முறையே.

பழைய துண்டுப் பிரசுரங்களில் “ஆறு மாதம்” என்று அச்சாகியிருப்பதைக் கண்டு கலங்குவோர் உளர். 1985 இல் புழக்கத்திற்கு வந்த முதல் தலைமுறைப் பரிசோதனைகளின் நுட்பம் குறைவு. அக்கால எச்சரிக்கையின் எச்சமே அந்த ஆறு மாதக் கணக்கு. கருவிகள் மேம்பட்ட பின்னும் பழைய தாள் கைமாறிக்கொண்டே இருப்பதால் வீண் கலக்கம் விளைகிறது. இதனைத் திருத்துவது அலுவலர் கடமை.

ஐயம் ஏன் தீருவதில்லை?

அறிவியல் இவ்வளவு தெளிவாக இருந்தும் மனம் ஏன் அடங்குவதில்லை? இதற்கு விடை அச்சத்தின் இயக்கத்திலேயே உள்ளது.

அச்சம் உடலில் வெளிப்படும் ஓர் உணர்ச்சி. நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது, வாய் உலர்கிறது, பசி குன்றுகிறது, வயிறு கலங்குகிறது. நாள்தோறும் உணவு குறைந்தால் எடை குறைகிறது. உறக்கம் குறைந்தால் களைப்பு மிகுகிறது. கழுத்து நெறிக்கட்டியை நாளைக்கு முப்பது முறை அழுத்திப் பார்த்தால் அவ்விடம் வலிக்கவே செய்யும். இவற்றையெல்லாம் அஞ்சுகிறவர் நோயின் அறிகுறிகளாகக் கொள்கிறார். அச்சம் விளைவித்த உடல்மாற்றமே அச்சத்திற்குச் சான்றாகிவிடுகிறது. எடை குறைவும் களைப்பும் காய்ச்சல் உணர்வும் எத்தனையோ காரணங்களால் வரக்கூடியவை. அவற்றைக் கொண்டு எச்.ஐ.வி. உண்டென்றோ இல்லையென்றோ எந்த மருத்துவரும் கூற இயலாது. பரிசோதனை ஒன்றே அதனைக் கூறும், அது கூறிவிட்டது.

அடுத்து, உறுதிமொழி தேடும் பழக்கம். அஞ்சுகிறவர் மீண்டும் பரிசோதிக்கிறார். “இல்லை” என்று வருகிறது. ஓரிரு நாட்கள் நிம்மதி. பின்னர் புதிய ஐயம் பிறக்கிறது. இரத்த மாதிரி மாறிப்போயிருக்குமோ? பரிசோதனைக் கருவி காலாவதியானதோ? இரண்டாம் வகைக் கிருமியாக இருந்தால் அது காட்டுமோ? நம் நாட்டு அரசு மையங்களில் பயன்படும் கருவிகள் எச்.ஐ.வி.யின் இரு வகைகளையும் கண்டறிய வல்லவை. ஆயினும் இந்த ஐயம் தீர்ந்தால் அவ்விடத்தில் வேறோர் ஐயம் முளைக்கும்.

இங்கிலாந்தைச் சேர்ந்த பால் சால்கோவ்ஸ்கிஸ், ஹிலாரி வார்விக் ஆகியோர் 1986 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்த உண்மையை விளக்கியது. உறுதிமொழி தேடுவது தற்காலிக நிம்மதியைத் தந்து, நீண்டகால அச்சத்தை வளர்க்கிறது என்பது அவர்கள் கண்ட கருத்து. சிரங்கைச் சொறிவது போன்றதே இது. சொறியும்போது சுகமாக இருக்கும், புண்ணோ ஆறுவதில்லை.

எண்களும் இங்கு ஓரளவே உதவுகின்றன. சிகிச்சை பெறாத தொற்றாளரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ முந்நூறில் ஒன்று. ஆண் பெண் உறவில், ஒருமுறை நிகழ்வதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாக ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. பிற பால்வினை நோய்கள் இருப்பின் அது கூடும். இவற்றைக் கேட்டவுடன் அச்சமற்றவர் ஆறுதல் அடைவார், அஞ்சுகிறவரோ “அந்த ஒருவர் நானாக இருந்தால்?” என்று கேட்பார். அவருக்குத் தேவைப்படுவது நூற்றுக்கு நூறு உறுதி. அத்தகைய உறுதியை வாழ்க்கையின் எத்துறையிலும் எவராலும் தர இயலாது. சாலையைக் கடக்கும்போது அதனைக் கேட்காத மனம், இந்த ஒன்றில் மட்டும் கேட்கிறது.

மூன்றாவது காரணம் குற்ற உணர்வு. நம் சமுதாயத்தில் பால் தொடர்பான தவறுக்குத் தண்டனை உண்டு என்ற எண்ணம் ஆழ்ந்து கிடக்கிறது. தாது வீணாவதால் உடல் நலியும் என்ற அச்சத்துடன் வரும் இளைஞர்களைப் பற்றி மனநல மருத்துவர் என். என். விக் 1960 இல் எழுதி, அந்நிலைக்குத் தனிப் பெயரும் இட்டார். பாலுணர்வு, குற்ற உணர்வு, உடல் பற்றிய அச்சம் என்னும் மூன்றும் ஒன்றாகப் பின்னிக்கொள்வது இங்குப் புதிதன்று. தண்டனையை எதிர்பார்த்து நிற்கும் மனத்திற்கு “இல்லை” என்ற முடிவு விடுதலையாகத் தோன்றுவதில்லை. தண்டனை தள்ளிப்போனதாகவே தோன்றுகிறது. ஆனால் கிருமி எவரையும் விசாரித்துத் தீர்ப்பளிப்பதில்லை. நன்னடத்தைக்குச் சலுகை தராதது போலவே, பிழைக்குத் தண்டனையாகவும் அது வருவதில்லை.

மீளும் வழிகள்

உடல்நலம் பற்றிய இத்தகைய இடையறாத அச்சம், மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட ஒரு மனநலக் குறை. 2022 முதல் நடைமுறைக்கு வந்துள்ள உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய்ப் பட்டியல், எண்ணச் சுழற்சி நோய்களின் குடும்பத்தில் இதனைச் சேர்த்துள்ளது. கோழைத்தனம் என்றோ, வேலையற்றவரின் கற்பனை என்றோ இதனைப் பழிப்பது தவறு. இதற்குச் சிகிச்சை உண்டு; அதன் அடிப்படைகளைப் பலர் தாமே கைக்கொள்ளவும் இயலும்.

முதலாவதாக, இறுதிப் பரிசோதனை நாள் ஒன்றை ஆலோசகரோடு கலந்து முடிவு செய்தல் வேண்டும். உரிய இடைக்காலம் கழிந்த பின் ஒரு பரிசோதனை. அதன் பின், புதிய ஆபத்து நேர்ந்தாலன்றி மறு பரிசோதனை இல்லை. இதனைத் தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. மனம் மறுபடி அலையும்போது அந்தத் தாள் நினைவூட்டும்.

இரண்டாவதாக, சோதித்துப் பார்க்கும் பழக்கங்களைப் படிப்படியாகக் குறைத்தல் வேண்டும். நாளைக்கு முப்பது முறை கழுத்தைத் தடவுகிறவர் முதல் வாரம் பத்து முறை, அடுத்த வாரம் இரண்டு முறை எனக் குறைத்து, பின்னர் நிறுத்தலாம். எடை பார்ப்பது, கண்ணாடியில் நாக்கைப் பார்ப்பது, நள்ளிரவில் கைப்பேசியில் அறிகுறிகளைத் தேடுவது ஆகியவையும் இவ்வகையினவே. தொடக்கத்தில் தவிப்பு மிகும். சோதிக்காமல் அதனைப் பொறுத்திருந்தால், தானே தணிவதை அவர் அனுபவத்தில் காண்பார்.

மூன்றாவதாக, இரு விளக்கங்களை அருகருகே எழுதிப் பார்த்தல். “எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது” என்பது ஒரு விளக்கம்; “எனக்கு எச்.ஐ.வி. பற்றிய அச்சம் இருக்கிறது” என்பது மற்றொன்று. பரிசோதனை முடிவுகள், நேர்ந்த நிகழ்ச்சியின் தன்மை, உடற்குறிகள் வந்துபோகும் விதம் ஆகியவை எந்த விளக்கத்திற்குப் பொருந்துகின்றன என்று நிதானமாக ஆராய வேண்டும். அலுவல் மிகுந்த நாளில் மறைந்து, தனித்திருக்கும் இரவில் தோன்றும் வலி எதனைக் காட்டுகிறது? முதல் விளக்கம் உண்மையாயின் மருத்துவம் தேவை. இரண்டாவது உண்மையாயின் பத்தாவது பரிசோதனை எந்தப் பயனும் தராது.

நான்காவதாக, விலக்கி வைத்த வாழ்க்கையை மீண்டும் ஏற்றல். குழந்தையை அணைப்பது, குடும்பத்தோடு ஒரே பாத்திரத்தில் உண்பது, ஒத்திவைத்த திருமணப் பேச்சைத் தொடர்வது ஆகியவற்றை அச்சம் முழுதும் தீரட்டும் என்று காத்திராமல் தொடங்க வேண்டும். அச்சம் விலகிய பின் வாழ்க்கை தொடங்கும் என்று பலர் எண்ணுகின்றனர். வாழத் தொடங்கிய பின்னரே அச்சம் விலகுகிறது.

ஐந்தாவதாக, நேர்ந்ததிலிருந்து கற்க வேண்டியதைக் கற்று, அதனோடு விடுதல். ஆணுறைப் பழக்கம், துணையுடன் ஒளிவற்ற பேச்சு, பால்வினை நோய்களுக்கு உடனடிச் சிகிச்சை ஆகியவை வருங்காலத்தைக் காப்பவை. கழிந்துபோன ஓர் இரவை ஆயிரம் இரவுகள் விசாரிப்பது எவரையும் காப்பதில்லை.

குடும்பத்தாருக்கும் நண்பருக்கும் ஒரு சொல். “உனக்கு ஒன்றுமில்லை” என்று நாளைக்கு இருபது முறை கூறுவது அன்பின் அடையாளமாகத் தோன்றினும், அது அச்சத்திற்கே தீனியாகிறது. “இதைப் பற்றி முன்பே பேசிவிட்டோம், உனது தவிப்பு புரிகிறது, வா, சிறிது நடந்துவிட்டு வரலாம்” என்று பரிவோடு திசை திருப்புவதே உதவும். கடிந்துகொள்வதும் ஏளனம் செய்வதும் அறவே கூடாது.

பல வாரங்களாக உறக்கமின்மை, அலுவலுக்குச் செல்ல இயலாமை, எதிலும் நாட்டமின்மை ஆகியவை தொடருமாயின் மனநல மருத்துவரை நாட வேண்டும். சிந்தனை நடத்தைச் சிகிச்சையும், தேவைப்படின் மருந்தும் நல்ல பலன் தருகின்றன. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றுமாயின் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். எச்.ஐ.வி. பற்றிய ஐயங்களுக்கு 1097 என்ற இலவச எண் உள்ளது.

அமைப்புகளின் பொறுப்பு

தனிமனிதர் முயற்சியோடு இது முடிவதன்று. 2017 ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. பரிசோதனைக்கு உரியவரின் அறிந்த ஒப்புதல் வேண்டும் என்றும், அவ்வொப்புதலில் பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை அடங்கும் என்றும் அது கூறுகிறது. “பின்னும்” என்ற அச்சொல் தொற்று உள்ளோருக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என வழங்கும் ஒருங்கிணைந்த ஆலோசனை மையங்களில் இதற்கென ஆலோசகர்கள் உள்ளனர். கட்டணம் பெற்றுப் பரிசோதித்து, தாளை மட்டும் உறையிலிட்டுக் கொடுக்கும் இடங்களில்தான் அச்சம் கொண்டவர் திரும்பத் திரும்பப் பணத்தையும் மன அமைதியையும் இழக்கிறார்.

ஆலோசகர் செய்யக்கூடியவை எளியவை. முடிவைத் தெரிவிக்கும்போதே அது இறுதியானதா, மறுபரிசோதனை தேவையா, தேவையெனில் எந்த நாளில் என்பதைத் தெளிவாக எழுதித் தரலாம். “எதற்கும் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்” என்ற ஒரு சொல் அச்சம் கொண்டவரின் ஓராண்டைப் பாழாக்கக்கூடும், அதனைத் தவிர்க்கலாம். தேவையின்றி மூன்றாம் முறை வருபவரிடம், இரத்தம் எடுப்பதற்கு முன், “இந்த முடிவும் இல்லை என்று வந்தால் நம்புவீர்களா?” என்று கேட்கலாம். “தெரியவில்லை” என்பது விடையானால், அவருக்குத் தேவையான சிகிச்சை மனத்துக்குரியது என்பதை அவரே உணர்வார்.

மனநலப் பிரிவுக்கு அனுப்பும் வழியும் திறந்திருத்தல் வேண்டும். 1982 இல் தேசிய மனநலத் திட்டமும், அதனைத் தொடர்ந்து 1996 இல் மாவட்ட மனநலத் திட்டமும் தொடங்கப்பட்டன. பல இடங்களில் இரு பிரிவுகளும் ஒரே மருத்துவமனை வளாகத்தில் இயங்குகின்றன. ஒரு பரிந்துரைச் சீட்டு, ஓர் அறிமுகம் போதுமானது. மனநல மருத்துவர் குறைவாயினும் கவலற்க. இங்கிலாந்து மருத்துவமனைகளில் 444 நோயாளிகளிடம் பீட்டர் டைரர் குழுவினர் நடத்திய ஆய்வு 2014 இல் லான்செட் இதழில் வெளிவந்தது. உரிய பயிற்சி பெற்ற பொதுச் செவிலியரும் உடல்நல அச்சத்திற்கான சிந்தனை நடத்தைச் சிகிச்சையைச் செவ்வனே அளிக்க இயலும் என்பதை அது காட்டியது. ஆலோசகர் பணியில் அனுபவமுள்ளோர் நிறைந்த நம் நாட்டிற்கு இப்படிப்பினை மிகவும் பொருந்தும்.

ஒன்றை இங்கு வலியுறுத்துதல் தகும். இவ்வச்சத்தைப் பற்றிப் பேசுவது பரிசோதனையிலிருந்து மக்களைத் தடுப்பதற்கன்று. ஆபத்துக்கு உட்பட்ட ஒவ்வொருவரும் தயங்காமல் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். காலத்தே அறிந்தால் காலத்தே சிகிச்சை பெறலாம். அதே வேளையில், தொற்று உள்ளவரை இழிவாக நோக்கும் மனப்பான்மை குறையும் அளவுக்கே தொற்று இல்லாதவரின் திகிலும் குறையும். இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை.

பரிசோதனை மையத்தின் பணி, முடிவுத் தாளைக் கையில் கொடுப்பதோடு நிறைவு பெறுவதில்லை. அந்த முடிவை நம்பி வீடு சென்று, உண்டு, உறங்கி, மறுநாள் அலுவலுக்குச் செல்லும் வலிமையையும் அவருக்கு அளிக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. பத்து நிமிட நேரமும், பொறுமையுடன் கேட்கும் செவியும், தெளிவாக எழுதிய ஒரு தாளுமே தேவை. அவற்றை அளிக்க ஆலோசகரும் அலுவலரும் முன்வருவார்களாயின், உடலில் நோயின்றியும் நோயாளியாக வாழும் பலர் தம் வாழ்வைத் திரும்பப் பெறுவர்.